தச்சுப் பட்டறை பதில்கள்: பனியில் திருகாணி நிற்குமா?

கேள்வி: ஐயா, என் மகன் நியூசிலாந்தில், கிறைஸ்ட்சர்ச்சில் படிக்கிறான். நண்பர்களோடு சேர்ந்து, பனியில் சறுக்கும் ஸ்கீ பலகையைத் தானே செய்கிறான். நடுவில் மரம், மேலும் கீழும் ஃபைபர்கிளாஸ். காலணியைப் பிடிக்கும் பைண்டிங் வெறும் திருகாணியில்தான் நிற்குமாம். வேகமாக வரும்போது பிய்த்துக்கொண்டு வந்தால்? இங்கிருந்து நல்ல பால்மரப் (ரப்பர் மரப்) பலகை அனுப்பட்டுமா?
(ஒரு தாயார், பீடோங்)

பதில்: அம்மா, சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு பனிக்கு யோசனை சொல்கிறேனே என்று பட்டறைப் பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பனி விவரத்தைக் குயின்ஸ்டவுன் ஸ்கீ கடை ஒன்றில் வேலை செய்யும் என் தங்கை மகனிடம் கேட்டுக்கொண்டேன். மரத்தில் திருகாணி நிற்பது என் தொழில்.

உங்கள் பயம் நியாயமானது. முன்னால் விழுந்தால் பூட்ஸ் குதிகால் பக்கத்தை மேலே நெம்பும், பின்னால் சாய்ந்தால் முன்பக்கத்தை நெம்பும். அந்த இழுப்பு முழுவதும் 9 மில்லிமீட்டர் அளவே உள்ளே இறங்கியிருக்கும் சில திருகாணிகள் மேல் விழுகிறது. அதனால் பைண்டிங் எங்கே உட்காரும் என்பதைப் பலகை ஒட்டுவதற்கு முன்பே முடிவு செய்யச் சொல்லுங்கள். ஒட்டி முடித்த பிறகு பசையை நம்பிப் பயனில்லை. பிடிப்பது மரமும் அதன் மேலுள்ள ஃபைபர்கிளாஸும்தான்.

எடை குறைய வேண்டும் என்று பவுலோனியா, பாப்லர் மாதிரி லேசான மரத்தை ஸ்கீயின் நடுவில் வைப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் பவுலோனியா ரொம்ப மென்மை, திருகாணியைச் சரியாகக் கவ்வாது. பைண்டிங் வரும் இடத்திலாவது ஆஷ் அல்லது மேப்பிள் போன்ற கெட்டி மரப் பட்டைகளைச் சேர்த்து ஒட்ட வேண்டும், திருகாணி அந்தப் பட்டைகளில் இறங்கும்படி. அதற்கு மேல் அந்த இடத்தில் மட்டும் ஃபைபர்கிளாஸ் இன்னொரு அடுக்கு.

பால்மரம் விஷயத்துக்கு வருகிறேன். பால் வற்றி வெட்டிய மரத்தில் மேசை நாற்காலி செய்தே வளர்ந்தவன் நான், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். போரான் மருந்து ஏற்றிச் சூளையில் காய வைத்த பலகை திருகாணியை நன்றாகவே பிடிக்கும். ஆனாலும் அனுப்ப வேண்டாம். நியூசிலாந்து எல்லையில் மரச்சாமான் எதையும் அறிவித்துத்தான் கொண்டுபோக வேண்டும். அந்த அலைச்சலுக்கு அங்கேயே ஆஷ் வாங்கிவிடலாம்.

துளையில்தான் பலர் சொதப்புவார்கள். உலோகத் தகடு வைக்காத ஸ்கீக்கு 3.6 மில்லிமீட்டர் டிரில், அலுமினியத் தகடு இருந்தால் 4.1. ஆழம் 9க்கு மேல் போகாமல் நிறுத்தும் படி வைத்த டிரில்லாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அடிப்பக்கம் பொத்துவிடும். துளை போட்டதும் வாயோரம் லேசாக மேடு தட்டும். அதைச் சீவாமல் விட்டால் பைண்டிங் தட்டையாக உட்காராது. அப்புறம், பைண்டிங் திருகாணியின் தலை சாதாரண பிலிப்ஸ் இல்லை, 3ஆம் எண் போசிட்ரைவ். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், தப்பான முனையைப் போட்டால் நழுவித் தலையைத் தின்றுவிடும். கடைசிச் சுற்றுகளைக் கையால்தான் முறுக்க வேண்டும். மிஷினால் ஒரு சுற்று கூடினாலும் மரை கழன்றுவிடும்.

துளைக்குள் ஒரு சொட்டு மரப்பசை விடச் சொல்லுங்கள். அது தண்ணீரை அடைக்கத்தான். உள்ளே போன தண்ணீர் உறைந்தால் பருத்து மரத்தைப் பிளக்கும், உருகினால் மக்க வைக்கும். எபோக்சியும் போடலாம், பின்னால் கழற்றும்போது திருகாணித் தலையைச் சூடாக்க வேண்டியிருக்கும். பைண்டிங்கை அடிக்கடி மாற்றுகிறவன் என்றால் துருப்பிடிக்காத எஃகு இன்செர்ட், அதாவது உள்ளே மரை வெட்டிய சின்னக் குழல், வைத்துவிடட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அதே மரம், அதே அடுக்கு வைத்து ஒரு துண்டு செய்து, பைண்டிங்கைப் பூட்டி, கடப்பாரையால் நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். துண்டு பிய்ந்தால் பிய்ந்துவிட்டுப் போகிறது. விழும்போது பூட்ஸ் எந்த அழுத்தத்தில் விடுபட வேண்டும் என்பதை மட்டும் அவன் தானாக வைக்கக் கூடாது. அதைக் கடையில் கருவி வைத்துச் சோதிக்க வேண்டும். முதல் நாள் சறுக்கிவிட்டு வந்ததும் திருகாணிகளை ஒரு தடவை தொட்டுப் பார்க்கட்டும்.

கேள்வி: அலமாரிக் கதவின் கீல் கழன்று, திருகாணி துளைக்குள் சும்மா சுற்றுகிறது. தீக்குச்சி சொருகினால் போதுமா?
(ஒரு வாசகர், தெலுக் இந்தான்)

பதில்: பெருநாள் வரை தாங்கும். துகள் பலகை என்றால் துளையைப் பெரிதாக்கி, கெட்டி மரத்தில் வெட்டிய அடைப்பைப் பசையோடு இறக்குங்கள். உருளைக் குச்சியை நறுக்கிப் போடாதீர்கள், அதில் திருகாணி நார் ஓடும் திசையிலேயே இறங்கும், பிடிப்பு குறைவு. பலகையின் முகத்திலிருந்து எடுத்த அடைப்பாக இருக்க வேண்டும். ஒரு நாள் காய விட்டுப் புதிதாகத் துளை போடுங்கள்.