மொத்தம் 14 மீட்டர் என்று போட்டால் மோதல் காணாமல் போய்விடும்

கேள்வி: நின்றுகொண்டிருந்த ஒரு காரின் பின்னால் மோதிவிட்டேன். காய்ந்த, சமமான தார்ச்சாலை. என் கார் பழையது, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கிடையாது. மோதுவதற்கு முன் 12 மீட்டருக்கு டயர் தடம் விழுந்திருக்கிறது. மோதிய பிறகு இரண்டு கார்களும் ஒட்டிக்கொண்டே 2 மீட்டர் நகர்ந்து நின்றன. ஆட்களோடு சேர்த்து என் கார் சுமார் 1,200 கிலோ, அந்தக் கார் 1,400 கிலோ. நான் 80-இல் வந்ததாக அந்தக் காரை ஓட்டியவர் சொல்கிறார். சறுக்கிய தூரத்திலிருந்து வேகம் கண்டுபிடிக்கும் சூத்திரத்தில் மொத்தம் 14 மீட்டர் என்று போட்டால் மணிக்கு 50 கி.மீ. வருகிறது. என் நினைவிலும் 50 தான். இந்தக் கணக்கை நம்பி எழுதிக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பெருக்கலில் தப்பில்லை, 12-ஐயும் 2-ஐயும் கூட்டியதுதான் தப்பு. எதன்மீதும் மோதாமல் 14 மீட்டர் சறுக்கித் தானாக நின்ற காருக்குத்தான் அந்த 50 பொருந்தும். உங்கள் கார் நடுவில் இன்னொரு காரை நசுக்கி, அதைத் தள்ளிக்கொண்டும் போயிருக்கிறது. அந்தச் செலவு உங்கள் கணக்கில் எங்குமே இல்லை.

இந்த மாதிரிக் கணக்கைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். கார்கள் நின்ற இடத்தில் தொடங்கி, மோதல், அதற்கு முந்தைய சறுக்கல் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போவோம்.

முதலில் உராய்வு. காய்ந்த தார்ச்சாலையில் சக்கரம் சுழலாமல் சறுக்கும்போது உராய்வுக் குணகம் பொதுவாக 0.7-ஐ ஒட்டி இருக்கும். அதாவது காரின் எடையில் 70 விழுக்காட்டுக்குச் சமமான விசை அதைப் பின்னுக்கு இழுக்கிறது. புவியீர்ப்பு முடுக்கம் 9.8-ஐ இதனால் பெருக்கினால் 6.86. சறுக்கும் ஒவ்வொரு நொடியிலும் மணிக்கு ஏறத்தாழ 25 கி.மீ. வேகம் கழிகிறது என்று பொருள். காரின் எடை இதில் அடிபட்டுப் போகும். கனமான கார் கூடுதல் தூரம் சறுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். எடை கூடினால் உராய்வும் அதே அளவு கூடுவதால் தூரம் மாறுவதில்லை. எடை வேலைக்கு வருவது மோதலில்தான்.

சறுக்கிய தூரத்தை 6.86-ஆலும், பிறகு இரண்டாலும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், சறுக்கத் தொடங்கியபோது இருந்த வேகம் கிடைக்கும். கடைசி 2 மீட்டருக்கு இப்படிப் போட்டால் நொடிக்கு 5.24 மீட்டர், அதாவது மணிக்கு 19 கி.மீ. மோதிய கையோடு இரண்டு கார்களும் சேர்ந்து போன வேகம் இது.

அடுத்தது மோதல். அது நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவில் முடிந்துவிடும். அதற்குள் சாலையின் உராய்வு பெரிதாக எதுவும் செய்துவிட முடியாது. ஆகவே மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த உந்தம் (எடையை வேகத்தால் பெருக்கி வருவது) ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளலாம். மோதலுக்குப் பின் 2,600 கிலோ 5.24-இல் போனது. மோதலுக்கு முன் அந்த உந்தம் முழுவதும் உங்கள் 1,200 கிலோவிடம் மட்டுமே இருந்தது. வகுத்தால் நொடிக்கு 11.35 மீட்டர். மணிக்கு 41 கி.மீ. வேகத்தில் மோதியிருக்கிறீர்கள்.

41 எப்படி ஒரே இடியில் 19 ஆனது? இயக்க ஆற்றலைப் பார்த்தால் புரியும். மோதும் கணத்தில் சுமார் 77 கிலோஜூல், மோதிய பின் இரண்டு கார்களுக்கும் சேர்த்து 36. பாதிக்கும் மேல் தகடு நசுங்குவதில் போய்விட்டது. உந்தம் காப்பாற்றப்படும், இயக்க ஆற்றல் அப்படி இல்லை. தூரத்தை மொத்தமாகக் கூட்டும்போது நழுவுவது இந்த 41 கிலோஜூல்தான்.

கடைசியாக அந்த 12 மீட்டர். இங்கே ஒரு எச்சரிக்கை: வேகங்களை நேராகக் கூட்டக் கூடாது, அவற்றின் வர்க்கங்களைத்தான் கூட்ட வேண்டும். 11.35-இன் வர்க்கம் 129. 12 மீட்டர் சறுக்கலுக்கு 165. கூட்டினால் 294, வர்க்கமூலம் 17.1. மணிக்கு 62 கி.மீ.

ஆக, 80-உம் இல்லை, 50-உம் இல்லை.

சரி, இந்த 62-ஐ எவ்வளவு நம்பலாம்? இதில் நான் சொல்லாமலே ஒன்றை ஊகித்துக்கொண்டேன்: முன்னால் நின்ற காரின் சக்கரங்களும் பிரேக்கில் இறுகியிருந்தன என்று. அது நியூட்ரலில் பிரேக் இல்லாமல் நின்றிருந்தால், மோதலுக்குப் பின் உங்கள் காரின் சக்கரங்கள் மட்டுமே இரண்டு கார்களையும் இழுத்து நிறுத்தியிருக்கின்றன. குணகம் 0.7-இலிருந்து 0.32 அளவுக்கு இறங்கிவிடும். அதே 2 மீட்டர் நகர மிகக் குறைந்த வேகமே போதும். மோதிய வேகம் 28 ஆகும், தொடக்க வேகம் 54 ஆகும். இன்னொருவரின் கால் எங்கே இருந்தது என்பது உங்கள் வேகத்தில் 8 கி.மீ.யை மாற்றுகிறது! ஹேண்ட்பிரேக் மட்டும் போட்டிருந்தால் விடை இரண்டுக்கும் நடுவில் வரும்.

சாலையின் குணகத்தையும் 0.6 முதல் 0.8 வரை தளர்த்திப் பார்த்தேன். முன் கார் பிரேக்கில் இருந்தால் 57 முதல் 66 வரை. பிரேக் இல்லையென்றால் 50 முதல் 58 வரை. அப்படியானால் உங்கள் 50 அடியோடு தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் சாலையும் வழுக்கலாக இருந்து, அவர் பிரேக்கிலும் கால் இல்லாமல் இருந்தால்தான் அது நிற்கும். அவர் சொல்லும் 80-க்கோ, அவர் பிரேக்கில் இருந்ததாக வைத்தால்கூடக் குணகம் 1.2-ஐ நெருங்க வேண்டும். சாதாரண டயர் சறுக்கும்போது அந்தப் பிடிப்பு கிடைக்காது.

இதையே திருப்பிப் போட்டும் சோதிக்கலாம். நீங்கள் 50-இல் வந்து 12 மீட்டர் சறுக்கியிருந்தால், மோதும்போது வேகம் மணிக்கு 19 கி.மீ.தான் இருந்திருக்கும். குணகம் 0.7 என்றால் கார்கள் அரை மீட்டர்கூட நகர்ந்திருக்காது. அவர் நியூட்ரலில் இருந்தாலும் ஒரு மீட்டருக்குள் நின்றிருக்கும். நகர்ந்தது 2 மீட்டர்.

அளவெடுத்ததையும் ஒரு முறை சரிபாருங்கள். பின்சக்கரத் தடம் தொடங்கும் இடத்திலிருந்து முன்சக்கரத் தடம் முடியும் இடம்வரை டேப் பிடித்திருந்தால், முன்பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரமும் உள்ளே வந்திருக்கும். அது 2.5 மீட்டர் என்று வைத்தால் உண்மையான சறுக்கல் 9.5 மீட்டர்தான், 62 என்பது 58 ஆகிவிடும். எந்தச் சக்கரமோ, அதே சக்கரத்தின் தொடக்கமும் முடிவும்தான் வேண்டும். முடிவு என்பது மோதிய இடம். அங்கே கருப்புக் கோடு சட்டென்று ஒடிந்தோ அகன்றோ தெரியும். வண்டிகளின் அடியிலிருந்து உதிர்ந்த காய்ந்த சேறும் அந்தப் பக்கத்திலேயே கிடக்கும். தொடக்கம்தான் கண்ணை ஏமாற்றும். மங்கலாக ஆரம்பிக்கும் கோட்டை நின்றபடி பார்த்தால் தெரியாது, குனிந்து சாலையோடு சாய்வாகப் பார்க்க வேண்டும். சக்கரம் முழுதாகப் பூட்டிக்கொள்வதற்கு முன்பே பிரேக் கொஞ்சம் வேகத்தைத் தின்றுவிடும்; அது தடத்தில் பதியாது. அந்த வகையில் தடம் வேகத்தைக் குறைத்தே காட்டும், இது உங்களுக்குச் சாதகமில்லை.

அப்புறம், அவர் கால் பிரேக்கில் இருந்ததா என்பதை வாய்ப்பேச்சுக்கு விடாதீர்கள். இருந்திருந்தால் அவர் காரின் டயர்களும் 2 மீட்டருக்குக் கோடு போட்டிருக்க வேண்டும். உங்கள் புகைப்படங்களில் தேடுங்கள். பின்விளக்கு பழைய வகைப் பல்பு என்றால் இன்னொரு துப்பும் உண்டு. எரிந்துகொண்டிருக்கும்போது பலமாக இடி வாங்கிய பல்பின் இழை, சூட்டில் இளகியிருப்பதால் நீண்டு கோணலாகிவிடும். அணைந்திருந்த இழை அப்படி நீளாது. எல்இடி விளக்கில் இதைப் பார்க்க முடியாது. உடைந்த விளக்கைக் கழற்றிக் குப்பையில் போடுவதற்கு முன், அந்த இழையை நெருக்கத்தில் ஒரு படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.