மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைகளை வீடியோ, ஒலி, படங்கள் வழியாகக் கதையாகச் சொல்வது எப்படி?

இப்படிக் கேட்பவர்கள் எந்தக் கேமரா, எந்த மென்பொருள் என்றும் கேட்பார்கள். அதைப் பிறகு பார்க்கலாம், இப்போதைக்குக் கையில் இருக்கும் போனே போதும். முதலில் ஸ்கிரிப்டை ஒரு சோதனைக்கு உட்படுத்துங்கள். படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டால் கதை புரிகிறதா? ஒலியை அடைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தால் புரிகிறதா? இரண்டுக்கும் 'ஆம்' என்று வராவிட்டால் படப்பிடிப்புக்குப் போகாதீர்கள். எடிட்டிங்கில் அதைச் சரிசெய்வது பெரும்பாலும் ஒட்டுவேலையாகத்தான் முடியும்.

எந்தக் கதையைச் சொல்வது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். சக்கர நாற்காலி சேவையை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டி இந்தச் சேவையை 8 படிகளாகப் பிரிக்கிறது: பரிந்துரையும் முன்பதிவும், மதிப்பீடு, எந்த நாற்காலி என்று முடிவுசெய்தல், நிதியும் ஆர்டரும், நாற்காலியைத் தயார்செய்தல், பொருத்திப் பார்த்தல், பயிற்சி, பராமரிப்பும் தொடர்கவனிப்பும். ஆனால் வழக்கமான விளம்பர வீடியோவில் இருப்பது மேடையில் நாற்காலியை ஒப்படைக்கும் காட்சியும் கைதட்டலும்தான். நாற்காலி தேவைப்படுபவருக்கு அதில் ஒரு தகவலும் இல்லை.

அதற்குப் பதில், இருக்கையின் அகலத்தை அளப்பதை 20 விநாடி காட்டுங்கள். அகலம் கூடிவிட்டால் உடல் ஒரு பக்கம் சாயும், சக்கரத்தை எட்டித் தள்ளித் தள்ளித் தோள் நோகும். குறைந்துவிட்டால் இடுப்பில் உரசிப் புண்ணாகும். 'ஏன் இவ்வளவு நேரம் அளக்கிறார்கள், நேராகக் கொடுத்துவிட்டால் என்ன' என்று நினைப்பவருக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடுகிறது. கதைக்கு வேண்டிய சிக்கல் அந்த அளவு நாடாவிலேயே இருக்கிறது, சோக இசை சேர்க்க வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகளைப் பிறருக்கு உத்வேகம் தரும் காட்சிப்பொருளாக்குவதை ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஸ்டெல்லா யங் 2014இல் டெட் (TED) மேடையில் ஆற்றிய உரையில் கடுமையாக விமர்சித்தார். பல ஆண்டுகள் ஆகியும் இந்தப் பழக்கம் போகவில்லை.

படத்தில் வருபவரிடம் ஒப்புதல் படிவத்தில் ஒரே கையெழுத்து வாங்கி முடித்துவிடாதீர்கள். இணையதளம், சமூக ஊடகம், நிதி திரட்டல், அச்சு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். 'மறுத்தாலும் உங்களுக்கான சேவை நிற்காது' என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சேவை பெறுபவரால் சேவை தருபவரிடம் எளிதில் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது. முடிந்தால் வேறொருவரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். வெளியிடும் முன் எடிட் செய்த வடிவத்தை அவருக்குக் காட்டுங்கள். காட்சிகளை எவ்வளவு காலம் பயன்படுத்துவீர்கள், பின்னால் மனம் மாறினால் யாரிடம் சொல்லவேண்டும் என்பதும் படிவத்தில் இருக்கவேண்டும்.

இனி ஸ்கிரிப்ட். 'இங்கே கையெழுத்துப் போடுங்கள்', 'இதை இப்படித் திருப்புங்கள்' போன்ற வரிகள் பார்வையற்றவருக்கு வெறும் சத்தம். 'இரண்டாம் பக்கத்தில் கீழே வலது ஓரத்தில்' என்று பேசுபவரே சொல்லிவிட்டால் காட்சியைத் தனிக் குரலில் விளக்கும் ஒலி விவரணைக்கான தேவை வெகுவாகக் குறையும். விவரணை சேர்த்தே ஆகவேண்டிய இடங்களில் பேச்சுக்கு நடுவே இரண்டு மூன்று விநாடி இடைவெளி விட்டு எடுங்கள், இடைவெளி இல்லாவிட்டால் விவரணையை எங்கே நுழைப்பது? கடைசியில் தொலைபேசி எண்ணை எழுத்தில் மட்டும் காட்டி இசையை ஓடவிடுவதுதான் அதிகம் காணக்கூடிய தவறு.

தானியங்கி வசனவரிகளை அப்படியே வெளியிடாதீர்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால் ஆபத்தும் அங்கேதான். 'கிடைக்கும்' என்பது 'கிடைக்காது' என்று விழுந்தால் தகவலே தலைகீழ். எண்களையும் மருந்து, உபகரணப் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். திரையில் ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், வினை அடுத்த திரைக்குத் தள்ளிப்போகாதபடி வெட்டுங்கள். ஒரு வரிக்கு இத்தனை எழுத்து என்ற ஆங்கிலக் கணக்கு நமக்குப் பொருந்தாது, ஏனென்றால் 'கொ' என்ற ஓர் எழுத்தையே, கணினிக்கான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடு இரண்டு குறியீடுகளாக வைக்கிறது. போன் திரையில் வாசித்துப் பார்த்து முடிவுசெய்யுங்கள். வசனவரிகளை நேரத்தோடு வைத்திருக்கும் எஸ்.ஆர்.டி. கோப்பை யூ.டி.எஃப்-8 என்ற யூனிகோடு வடிவத்தில் சேமிக்காவிட்டால் எழுத்துகள் சிதைந்து தெரியலாம். அதில் விநாடிக்கும் மில்லிவிநாடிக்கும் நடுவே புள்ளி வைக்கக்கூடாது, காற்புள்ளி வேண்டும்.

வசனவரி இருக்கிறதே, சைகை மொழி எதற்கு என்று கேட்பார்கள். சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. அதையே முதல்மொழியாகக் கொண்டவருக்கு எழுத்து இரண்டாம் மொழி. எனவே சைகை மொழிபெயர்ப்பாளர் தெரியும் கட்டம் போன் திரையிலும் விரல்கள் பிரிந்து தெரியும் அளவுக்கு இருக்கட்டும், வசனவரி அதன்மேல் ஏறக்கூடாது. முகபாவமும் மொழியின் பகுதி என்பதால் முகத்தில் நிழல் விழாமல் பாருங்கள். இறுதி எடிட் முடிந்த பிறகே பெயர்ப்பைப் பதிவுசெய்யுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி எடுக்க நேரும்.

டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற இணைய அணுகல்தன்மை நெறிமுறையிலிருந்து சில எண்களைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி மாறுபாடு (contrast) குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. பேச்சைவிடப் பின்னணி இசை 20 டெசிபலாவது தாழ்ந்திருப்பது நல்லது (இது அந்த நெறிமுறையின் மிக உயர்ந்த நிலையில் மட்டும் கேட்கப்படுவது, ஆனால் காது கேட்கும் கருவி அணிந்தவருக்குப் பெரிய உதவி). ஒரு விநாடியில் மூன்று முறைக்கு மேல் ஒளி மின்னக்கூடாது, அது வலிப்பைத் தூண்டலாம். விழாக் காட்சிகளில் கேமரா ஃபிளாஷ்கள் இந்த வரம்பை எளிதில் தாண்டும். பக்கம் திறந்ததும் ஒலி தானாக ஓடத் தொடங்கினால் திரையில் உள்ளதைப் பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் பேசுவது அதில் மூழ்கிவிடும். தானாக ஓடுவதைத் தவிர்த்துவிடுங்கள்.

புகைப்படத்தைப் பார்க்க முடியாதவருக்காக எழுதும் மாற்று உரையில் 'சக்கர நாற்காலியில் ஒருவர்' என்று எழுதி நிறுத்தாதீர்கள். 'சிகிச்சையாளர் நாடாவால் இருக்கையின் அகலத்தை அளக்கிறார்' என்று செயலை எழுதுங்கள்.

வெளியிடும் முன் அந்தச் சேவை தேவைப்படக்கூடிய நான்கைந்து பேரிடம், அதிலும் வெவ்வேறு வகைக் குறைபாடு உள்ளவர்களிடம் காட்டுங்கள். 'நன்றாக இருக்கிறதா' என்று கேட்டால் மரியாதைக்காக ஆம் என்பார்கள். எங்கே போகவேண்டும், என்ன கொண்டுபோகவேண்டும், போனதும் முதலில் என்ன நடக்கும் என்ற மூன்றையும் கேளுங்கள். ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும் அந்தப் பகுதியை மறுபடி எழுதுங்கள்.

முகவரி, நேரம், கட்டணம், தொலைபேசி எண் ஆகியவற்றைப் பேசும் கடைசி 15 விநாடியைத் தனிக் கிளிப்பாகவே பதிவுசெய்து வையுங்கள். எண் மாறினால் அதை மட்டும் மாற்றி, வசனவரிக் கோப்பிலும் வீடியோவின் எழுத்து வடிவத்திலும் அதே திருத்தத்தைச் செய்து மறுபடி ஏற்றிவிடலாம்.