இந்தியா தவிர மற்ற நாடுகளை வீட்டு ஃபயர்வாலில் தடுத்துவிடலாமா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டில் ஃபைபர் இணைப்பு. ஒரு மினி பிசியில் பிஎஃப்சென்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, வீட்டுக்கும் இணையத்துக்கும் நடுவே காவல் நிற்கும் ஃபயர்வாலாக வைத்திருக்கிறார். நாலு கேமராவோடு அவற்றின் படத்தைப் பதிவு செய்யும் ஒரு டிவிஆர், குடும்பப் படங்களைச் சேர்த்து வைக்க ஒரு நாஸ் பெட்டி. ஒருநாள் ஃபயர்வாலின் லாக்கை, அதாவது பதிவேட்டை, திறந்து பார்த்தால் சீனா, ரஷ்யா, நெதர்லாந்து, அமெரிக்கா என்று எங்கிருந்தெல்லாமோ யாரோ தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பயந்துபோய், முகவரிப் பட்டியல்களை வைத்துத் தடுக்கும் பிஎஃப்பிளாக்கர்என்ஜி என்ற கூடுதல் பேக்கேஜை நிறுவி, இந்தியா தவிர எல்லா நாட்டையும் டிக் செய்து, வருவது போவது இரண்டையும் தடுத்துவிட்டார். அதிலிருந்து டிவியில் பாதி ஆப் ஓடவில்லை. சில இணையதளங்கள் அரைகுறையாகத் திறக்கின்றன. பாரிஸில் இருக்கும் தம்பிக்கு வீட்டுக் கேமரா தெரியவில்லை. "நாடுவாரியாகத் தடுப்பது சரியான வழிதானா? சரியென்றால் எந்தெந்த நாட்டைத் தடுக்க வேண்டும்? லாக்கில் வரும் இந்தத் தொல்லை எப்போது நிற்கும்?" இவைதான் அவர் கேள்விகள்.

முதல் வேலையாக, வீட்டிலிருந்து வெளியே போவதைத் தடுக்கும் அந்த ரூலை எடுத்துவிடுங்கள். டிவியும் இணையதளங்களும் உடனே சரியாகிவிடும். லாக்கில் நீங்கள் பார்த்த அத்தனை பேரையும் உங்கள் ஃபயர்வால் அதற்கு முன்பே தடுத்துத்தான் வைத்திருந்தது. தடுத்ததால்தான் அவர்கள் பெயர் லாக்கில் ஏறியது.

பிஎஃப்சென்ஸ் நிறுவிய அன்றே, வெளியிலிருந்து தானாக வரும் எதையும் உள்ளே விடாது. நீங்கள் ஒருவருக்கு ஃபோன் செய்தால் அவர் பதில் பேசலாம், அவராகக் கூப்பிட்டால் உங்கள் வீட்டில் மணியே அடிக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நிலையில் சீனாவைத் தனியாகத் தடுப்பதால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. ஏற்கெனவே உள்ளே வர முடியாதவரை இன்னொரு முறை வராதே என்கிறோம், அவ்வளவுதான். நாடுவாரித் தடுப்புக்கு வேலை வருவது ஏதாவது ஒரு போர்ட்டை (எண் போட்ட கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள்) நீங்கள் வெளியுலகுக்குத் திறந்து வைத்திருக்கும்போது மட்டும். அதனால் எந்த நாடு என்று யோசிப்பதற்கு முன், எந்த போர்ட் திறந்திருக்கிறது என்று பாருங்கள்.

பெரும்பாலான வீடுகளில் அந்த போர்ட்டைத் திறந்தவர் வீட்டுக்காரர் அல்ல, கேமரா மாட்ட வந்தவர். வெளியூரிலிருந்து மொபைலில் பார்க்கணும் என்று கேட்டிருப்போம். அவர் ரூட்டருக்குள் போய், வெளியிலிருந்து வருவது நேரே டிவிஆருக்குப் போகும்படி அதன் போர்ட்டை ஃபார்வர்ட் செய்துவிட்டு, கம்பெனி கொடுத்த அட்மின் பாஸ்வேர்டை அப்படியே விட்டுவிட்டுப் போயிருப்பார். 554, 8000, 37777 ஆகிய எண்கள் உங்கள் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தில் இருந்தால் அது கேமரா சமாச்சாரம்தான். 2016-இல் மிராய் என்ற புழு பரவியது இப்படி மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகள் வழியாகத்தான். தொழிற்சாலையில் வைத்த பயனர் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபதுக்கு மேல் அதன் கையில் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்துவைத்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தின் (தளங்களின் பெயரை முகவரியாக மாற்றிக் கொடுப்பது டிஎன்எஸ்) மேல் பிடிபட்ட கருவிகளின் அந்தப் படை பாய்ந்தபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை. அந்தப் படையில் இருந்ததெல்லாம் சாதாரண வீட்டு, கடைக் கருவிகள்.

போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தைப் பார்க்கும்போதே யூபிஎன்பி என்ற வசதி ஓடுகிறதா என்றும் பாருங்கள். அது ஓடினால் வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியும் உங்களைக் கேட்காமல் தனக்கு ஒரு போர்ட்டைத் திறந்துகொள்ளலாம். விளையாட்டு கன்சோலுக்காக யாராவது கட்டாயம் வேண்டும் என்றால் தவிர, அதை அணைத்துவிடுவதே என் வழக்கம்.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். ஃபயர்வாலின் வான் (WAN, இணையம் வந்து சேரும்) பக்கத்தில் தெரியும் ஐபி முகவரியை, இணையத்தில் 'என் ஐபி என்ன' என்று தேடினால் வரும் முகவரியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றென்றால் உங்களுக்குச் சொந்தப் பொது முகவரி இருக்கிறது. வான் முகவரி 100.64-இல் தொடங்கி 100.127 வரைக்குள் வந்தால், உங்கள் நிறுவனம் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. சிஜிநாட் என்பார்கள். அப்படியென்றால் ஐபிவி4 என்ற பழைய முகவரி முறை வழியாக வெளியிலிருந்து யாரும் உங்கள் வீட்டுக் கருவியைத் தானாக எட்ட முடியாது, போர்ட் ஃபார்வர்ட் செய்தாலும் பயன் இல்லை. 192.168-இல் தொடங்கினால் நிறுவனம் கொடுத்த பெட்டியும் ரூட்டராக வேலை செய்கிறது என்று அர்த்தம். அதை பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது இணைப்பை அப்படியே கடத்திவிடும் நிலைக்கு, மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பெட்டியின் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தையும் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும். ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை வேறு கதை. அதில் ஒவ்வொரு கருவிக்கும் நேரடி முகவரி உண்டு, அங்கே ஃபயர்வால் ரூல் ஒன்றுதான் காவல். சோதனைக்காக எப்போதோ எல்லாவற்றையும் அனுமதி என்று ஐபிவி6-க்குப் போட்ட ரூல் ஏதாவது மறந்து கிடக்கிறதா பாருங்கள்.

சரி, போர்ட் திறந்தே ஆகணும் என்று வைத்துக்கொள்வோம். இங்கே நாடுவாரி வடிகட்டல் உதவும். ஆனால் தடுக்க வேண்டிய நாடுகளைத் தேடிப் பட்டியல் போடாதீர்கள். உங்கள் வீட்டு டிவிஆரை எந்தெந்த நாட்டிலிருந்து பார்க்கப்போகிறீர்கள்? இந்தியா, பிரான்ஸ். முடிந்தது. இந்த இரண்டை மட்டும் அனுமதித்தால் மிச்சம் தானாக வெளியே நிற்கும். இருநூற்றுச் சொச்சம் நாடுகளை டிக் செய்வதைவிட இரண்டை டிக் செய்வதில் தவறும் குறையும், ஃபயர்வாலின் நினைவகமும் மிஞ்சும்.

பிரான்ஸ் என்று டிக் செய்யும்போது நம்மூர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் உறவுகள் பாரிஸில் மட்டும் இல்லை. ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் எல்லாம் பிரான்ஸின் பகுதிகள்தான், ஆனால் ஐபி பட்டியல்களில் ஒவ்வொன்றும் தனி நாடு போலத் தனிக் குறியீட்டோடு வரும். ரீயூனியனை ஆப்பிரிக்காவின் கீழே தேட வேண்டியிருக்கும். ரீயூனியனில் இருக்கும் சித்தப்பாவுக்கு மட்டும் கேமரா தெரியவில்லை என்று புகார் வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

ரோமிங்கும் குழப்பும். பிரெஞ்சு சிம்மோடு தம்பி புதுச்சேரி வந்து ரோமிங்கில் மொபைல் டேட்டா போட்டால், வழக்கமாக அந்த டேட்டா பிரான்ஸ் நிறுவனம் வழியாகவே சுற்றிவரும். கடற்கரைச் சாலையில் நின்றுகொண்டிருந்தாலும் அவர் ஐபி பிரெஞ்சு ஐபிதான். நீங்கள் இந்திய சிம்மோடு ஐரோப்பா போனால் இதற்கு நேர்மாறு. ஓட்டல் வைஃபைக்கு மாறிய நொடியில் கணக்கு மாறிவிடும்.

இந்தப் பட்டியல்கள் எப்படி உருவாகின்றன என்று தெரிந்தால், அவற்றை எவ்வளவு நம்பலாம் என்பதும் புரியும். உலகத்தின் ஐபி முகவரிகளை ஐந்து மண்டலப் பதிவகங்கள் பிரித்துக் கொடுக்கின்றன. நமக்கு ஏப்நிக், ஐரோப்பாவுக்கு ரைப், வட அமெரிக்காவுக்கு ஏரின், லத்தீன் அமெரிக்காவுக்கு லாக்நிக், ஆப்பிரிக்காவுக்கு ஆஃப்ரிநிக். எந்தத் தொகுதி எந்த நாட்டு நிறுவனத்துக்குப் போனது என்பதை அவை வெளியிடுகின்றன. ஆனால் பதிவு செய்த நாடும் பயன்படுத்தும் நாடும் ஒன்றாக இருக்கும் என்று கட்டாயமில்லை. ஐபிவி4 முகவரிகள் தீர்ந்துபோன பிறகு நிறுவனங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி விற்கின்றன. மேக்ஸ்மைண்ட் போன்ற நிறுவனங்கள் பதிவகத் தகவலோடு இன்னும் பலவற்றைச் சேர்த்து ஊகித்துப் பட்டியல் தருகின்றன. நாடு என்ற அளவில் அந்த ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கும், ஊர் என்று இறங்கினால் சறுக்கும். அமெரிக்காவில் எங்கே என்று தெரியாத அறுபது கோடிக்கு மேற்பட்ட முகவரிகளை வரைபடத்தில் ஒரே புள்ளியில் வைத்திருந்தார்கள். அந்தப் புள்ளி கான்சஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டின் மேல் விழுந்ததால், யாரோ செய்த இணையக் குற்றங்களுக்கெல்லாம் அந்த வீட்டு வாசலில் போலீஸ் வந்து நின்ற கதை 2016-இல் வெளிவந்தது.

உங்கள் டிவி ஆப் நின்றுபோனதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. படமோ பக்கமோ சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் சர்வரிலிருந்தே வரலாம், ஆனால் அந்த ஐபி முகவரி அமெரிக்க நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கும். பட்டியலுக்கு அது அமெரிக்கா. வெளியே போகும் திசையில் அமெரிக்காவைத் தடுத்தால் பாதி இணையம் போய்விடும். வாட்ஸ்அப் அழைப்பும் முடிந்தவரை இரண்டு ஃபோன்களுக்கும் நேரே பேச முயலும். பிரான்ஸைத் தடுத்தால் சுற்றுவழியில் போக வேண்டியிருக்கும், தம்பியின் குரல் திக்கித் திக்கி வரலாம்.

இந்தியாவை அனுமதித்துவிட்டோமே, இங்கே யார் தாக்கப்போகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அமேசானின் கிளவுட் மும்பையில் 2016-இலிருந்தே இருக்கிறது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் அட்டையைத் தேய்த்து அங்கே ஒரு சர்வரை வாடகைக்கு எடுக்கலாம், எடுத்தவருக்கு இந்திய ஐபி கிடைக்கும். புழு பிடித்த ரூட்டர்களுக்கும் கேமராக்களுக்கும் நம் நாட்டிலேயே பஞ்சமில்லை. நாடுவாரி வடிகட்டல் கூட்டத்தைக் குறைக்கும், குறிவைத்து வருபவரை நிறுத்தாது.

இவ்வளவுக்குப் பிறகும் செய்யத்தான் போகிறீர்கள் என்றால், முறை இது. மேக்ஸ்மைண்ட் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி லைசன்ஸ் கீ வாங்குங்கள். 2019 டிசம்பர் 30 முதல் கணக்கு இல்லாமல் அந்தப் பட்டியலை இறக்க முடியாது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்து பட்டியலே வரவில்லை என்று விழிப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். பிஎஃப்பிளாக்கர்என்ஜியின் ஜியோஐபி பகுதியில் இந்தியாவையும் பிரான்ஸையும் ஐபிவி4, ஐபிவி6 இரண்டிலும் தேர்ந்தெடுங்கள். செயல் என்ற இடத்தில் 'டினை போத்' வேண்டாம், 'அலியாஸ் நேட்டிவ்' வையுங்கள். அது எந்த ரூலையும் தானாகப் போடாது, ஒரு பெயருக்குக் கீழே முகவரிகளைச் சேர்த்து வைக்கும், அவ்வளவுதான். பிறகு டிவிஆருக்கான போர்ட் ஃபார்வர்டிங் ரூலுக்குப் போய், மூலம் என்ற இடத்தில் எவரும் என்பதை மாற்றி அந்தப் பெயரைக் கொடுங்கள். நினைவகம் போதவில்லை என்ற பிழை வந்தால் மேம்பட்ட அமைப்புகளில் டேபிள் என்ட்ரிகளின் உச்சவரம்பைக் கூட்டுங்கள். உலகத்தையே டிக் செய்தபோது உங்களுக்கு அந்தப் பிழை வந்திருந்தால் ஆச்சரியமில்லை.

சோதிக்கும்போது வீட்டு வைஃபையிலிருந்து சோதிக்காதீர்கள், மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள். திறப்பது உறுதியானதும் ஒரு விபிஎன் ஆப்பில் சிங்கப்பூரைத் தேர்ந்து முயலுங்கள், திறக்கக் கூடாது. அப்போதும் திறந்தால், ரூல் மாறுவதற்கு முன் தொடங்கிய இணைப்பு இன்னும் உயிரோடு இருக்கலாம். ஸ்டேட்ஸ் பக்கத்தில் ரீசெட் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். நாஸ் பெட்டிக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு தரும் பாதுகாப்புச் சான்றிதழ் வைத்திருந்தால் இன்னொரு விஷயம்: 2020-இலிருந்து அவர்கள் உலகின் பல இடங்களிலிருந்து உங்கள் சர்வரைத் தட்டிப் பார்த்துத்தான் சான்றிதழ் தருகிறார்கள். நாடுகளைத் தடுத்திருந்தால் புதுப்பிக்கும் நேரத்தில் அது தோற்கும். டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்புக்கு மாறிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சொன்ன பிறகு என் சொந்த அபிப்பிராயம்: உங்கள் இடத்தில் நான் இருந்தால் டிவிஆரின் போர்ட்டையே மூடிவிடுவேன். பிஎஃப்சென்ஸிலேயே வயர்கார்டு விபிஎன் (சாவி உள்ளவர் மட்டும் வீட்டுக்குள் வரும் தனிப்பாதை) போட்டு, தம்பியின் ஃபோனுக்கு ஒரு சாவி கொடுத்தால் போதும். சரியான சாவி இல்லாமல் தட்டுபவருக்கு வயர்கார்டு பதிலே தராது, அங்கே ஒரு போர்ட் இருப்பதே வெளியே தெரியாது. தம்பி பிரான்ஸில் இருந்தாலும் ரீயூனியனில் இருந்தாலும் நாட்டைப் பற்றிய பேச்சே வராது. சிஜிநாட்டுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவை வசதி, போர்ட் திறக்காமலே வேலை செய்யும். அம்மா அப்பாவின் ஃபோனில் அதை வைத்துக் கொடுத்தால், எந்த பட்டனைத் தட்டணும் என்று ஒருமுறை சொல்லித்தர வேண்டியிருக்கும், அவ்வளவுதான் சிரமம்.

டிவிஆர் சீனத் தயாரிப்பு, அது ரகசியமாக எங்கேயோ பேசுகிறதோ என்ற கவலையையும் உங்கள் கடிதத்தில் படித்தேன். அதற்கும் நாட்டைத் தடுப்பது மருந்தல்ல. அந்த கம்பெனியின் கிளவுட் சர்வர் சிங்கப்பூரிலோ மும்பையிலோகூட இருக்கலாம். டிவிஆரைத் தனி விலானில் (மற்ற கருவிகளிலிருந்து பிரித்த தனி வலையமைப்பு) போட்டு, அதற்கு இணையமே கிடையாது என்று ஒரே ரூல் எழுதுங்கள். நேரம் காட்ட மட்டும் ஃபயர்வாலின் என்டிபியை (கடிகாரத்தைச் சரிசெய்யும் சேவை) பயன்படுத்தச் சொல்லலாம். விபிஎன் வழியாக வரும் தம்பிக்குப் படம் வழக்கம்போலத் தெரியும். கம்பெனி ஆப்பின் கிளவுட் வசதியும் அதன் அறிவிப்புகளும் மட்டும் நின்றுபோகும்.

லாக்கில் வரும் தட்டல்கள் எப்போது நிற்கும் என்று கேட்டிருந்தீர்கள். நிற்காது. ஐபிவி4 முகவரி மொத்தமே சுமார் 430 கோடிதான், எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் இரவு பகலாக ஓடுகின்றன, அவற்றில் சில ஆய்வு நிறுவனங்களுடையவை. லாக் அமைப்பில், முன்னிருப்பாகத் தடுக்கும் ரூலுக்கான பதிவை அணைத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக டிவிஆரின் விலானிலிருந்து வெளியே போக முயன்று தடுக்கப்பட்டவற்றை மட்டும் பதிவு செய்யச் சொல்லுங்கள். படித்துப் பார்க்க வேண்டிய லாக் அதுதான்.