பிரசவத்தில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது?

கேள்வி: பிரசவம் காலங்காலமாக நடப்பதுதானே, அதில் போய் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது?

பதில்: நல்லா கேட்டீர்கள்! நியூசிலாந்து மருத்துவர் கிரகாம் லிக்கின்ஸ், பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் சினை ஆடுகளை வைத்து ஆராய்ந்தார். கருவிலிருந்த குட்டிகளுக்கு ஸ்டீராய்டு செலுத்தியபோது அவை சீக்கிரமே பிறந்தன, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அவ்வளவு முன்னதாகப் பிறந்து, நுரையீரல் விரியாமல் இறந்திருக்க வேண்டிய ஒரு குட்டி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. மற்றவர்கள் என்றால் ஏதோ அதிசயம் என்று கடந்துபோயிருப்பார்கள். இவர் விடவில்லை. ராஸ் ஹோவி என்ற குழந்தை மருத்துவருடன் சேர்ந்து, குறைமாதப் பிரசவ அபாயத்தில் இருந்த 282 தாய்மார்களிடம் ஸ்டீராய்டு ஊசியைச் சோதித்து 1972இல் முடிவை வெளியிட்டார். ஊசி போட்டவர்களின் குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் குறைந்தது, இறப்பும் குறைந்தது.

சரி, உடனே எல்லோரும் போட ஆரம்பித்தார்களா? அதுதான் இல்லை. ஏறத்தாழ 20 வருடம் பல மருத்துவர்கள் தயங்கினார்கள். அப்புறம் சிறு சிறு ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தபோதுதான் பலன் சந்தேகமில்லாமல் தெரிந்தது (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் சின்னத்தில் இருக்கும் கோடுகள் அந்த ஆய்வுகள்தான்!). இன்று குறைமாதத்தில் பிரசவமாகும் என்று தெரிந்தால் போடுவது பெரும்பாலும் பீட்டாமெத்தசோன் அல்லது டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இது தேவையில்லை, நீங்களாகக் கேட்டுப் போட்டுக்கொள்ளாதீர்கள்.