கறுப்பாகப் போனால் நாள் பார்க்காதீர்கள்

அப்பாவுக்கு இரைப்பைப் புற்றுநோய். மூன்று நாளாகக் கறுப்பாக வெளிக்குப் போகிறார். இரும்புச்சத்து மாத்திரையால் இருக்குமோ? (தக்கலை)

இரும்பு மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும்தான். ஆனால் அது கட்டியாக இருக்கும், தண்ணீர் ஊற்றினால் போய்விடும். ரத்தம் கலந்த மலம் தார் போலப் பளபளத்து, பீங்கானில் ஒட்டிக்கொள்ளும். நாற்றமும் தனி, ஒருமுறை அறிந்தவருக்கு மறக்காது. அப்படி இருந்தால் இன்றைக்கே கூட்டிப் போங்கள். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். திருவனந்தபுரத்தில் வைத்தியம் பார்ப்பதால் அங்கேயே காட்டிக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம். முதலில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கோ போங்கள், ஃபைலோடு.

அப்புறம், அவர் சாப்பிடும் மாத்திரை அத்தனையையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோங்கள். புற்றுநோய் என்றாலே கட்டிதான் கசிகிறது என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள். வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக்கும், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்ந்து குடலைப் புண்ணாக்கியிருக்கலாம். அந்தப் புண்ணை எண்டோஸ்கோப்பியில் கிளிப் போட்டு, அமிலம் குறைக்கும் பான்டோப்ரசோல் கொடுத்து ஆற்ற முடியும். டெக்ஸாமெத்தசோனை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

புற்றுக்கட்டியில் கசிந்து, எண்டோஸ்கோப்பியில் நிறுத்திய ரத்தம் பத்தே நாளில் திரும்ப வந்துவிட்டது. டாக்டர் சரியாகச் செய்யவில்லையா? (குளச்சல்)

அப்படி நினைக்காதீர்கள். கட்டியின் மேற்பரப்பு மழையில் ஊறிய வரப்பு மாதிரி. ஓரிடத்தை அடைத்தால் இன்னோரிடம் பொடியும். கதிர்வீச்சு கொடுத்தால் பலருக்குக் கசிவு குறையும், ஆனால் சில நாள் பிடிக்கும். ரத்தம் பெருகினால் ரத்தக்குழாய் வழியாகவே போய் அடைப்பதும் உண்டு.

கீமோ முடிந்து பத்தாம் நாள் ஈறிலும் மலத்திலும் ரத்தம். (குலசேகரம்)

அன்றைக்கே தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை பாருங்கள். எனிமா, ஆசனவாயில் வைக்கும் மருந்து எதுவும் வேண்டாம். காய்ச்சலும் இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு முடிந்து ஒரு வருடம். இப்போது சிவப்பாக ரத்தம். மூலமா? (மார்த்தாண்டம்)

மூலம் என்று மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டு இருக்காதீர்கள், அக்கா. கதிர்வீச்சு பட்ட மலக்குடல் மாதங்கள் கழித்தும் கசியும். புற்றுநோய் திரும்பிவிட்டது என்றும் உடனே பயப்பட வேண்டாம். உள்ளே பார்க்கும் டாக்டரிடம் கதிர்வீச்சு எடுத்ததை முதலிலேயே சொல்லுங்கள். அந்த இடத்தில் சோதனைக்குச் சதை எடுத்தால் புண் ஆறுவது கஷ்டம். கசியும் இடத்தை ஆர்கான் வாயுவால் பொசுக்கி நிறுத்தலாம்.

அம்மா இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்கிறாள். வீட்டில் ரத்தம் வந்தால்? (தோவாளை)

அவள் விருப்பம் அதுவானால் இப்போதே நோய்த்தணிப்பு (பாலியேட்டிவ்) டாக்டரிடம் பேசி, பதற்றம் தணிக்கும் மருந்தை வாங்கி வையுங்கள். கரும்பச்சையோ கருநீலமோ நாலு துண்டு கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். வெள்ளைத் துணியில் கொஞ்சம் ரத்தம்கூடப் பெரிதாகத் தெரிந்து அவளைப் பயமுறுத்தும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள்.