பிரிட்டிஷ் கடற்படை இந்தியப் பெருங்கடலில் அடிமை வியாபாரத்தையும் ஆயுதக் கடத்தலையும் ஒழித்தது உண்மையா, இல்லை அதெல்லாம் கடலைப் பிடிக்கச் சொன்ன சாக்கா?

யாரோடோ வாக்குவாதம் செய்துவிட்டு வந்து இதைக் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. "வெள்ளைக்காரன்தானே அடிமைகளை விடுவித்தான்" என்று அவர் சொல்லியிருப்பார், உங்களுக்குக் கோபம் வந்திருக்கும். நான் வரலாறு படித்தவன் இல்லை. தூத்துக்குடிக்காரன், ஷார்ஜாவிலிருந்து ஏமன், சோமாலியா பக்கம் அரிசியும் சர்க்கரையும் ஏற்றிப் போகும் சின்ன சரக்குக் கப்பல்களில் பல வருடம் வேலை பார்த்தவன். அந்தக் கடலைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்திருக்கிறேன். பேராசிரியர் யாராவது வந்து திருத்தினால் திருத்தட்டும். ஆனால் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் போர்க்கப்பலில் ஏறி நின்றுதான் எழுதுகிறார்கள், சோதனை போடப்படுகிற கப்பலில் நின்றவன் எழுதுவதில்லை, அதனால்தான் நான் எழுதுகிறேன்.

முதலில் நேரடிப் பதில். கடற்படை ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றியது உண்மை, அதை மறுப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. ஆனால் கடலில் துரத்தித் துரத்தி அவர்களால் எதையும் நிறுத்த முடியவில்லை. கரையில் கடையை மூடிய பிறகுதான் வியாபாரம் படுத்தது, அடிமை விஷயத்திலும் சரி, துப்பாக்கி விஷயத்திலும் சரி.

கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கு எதிரே இருக்கும் சான்சிபார் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். மஸ்கட்டையும் சான்சிபாரையும் சேர்த்து ஆண்ட சுல்தான் சயீதோடு பிரிட்டன் 1822-இல் ஓர் ஒப்பந்தம் போட்டது, 1845-இல் இன்னொன்று. இரண்டாவதில் பெரிய ஓட்டை இருந்தது. தெற்கே கில்வாவிலிருந்து வடக்கே லாமு வரை சுல்தானின் ஆப்பிரிக்கக் கரைக்குள் அடிமைகளை ஏற்றிப்போவது குற்றம் இல்லை, லாமுவைத் தாண்டி அரேபியா பக்கம் போனால்தான் குற்றம். அப்படி இருக்கும்போது நடுக்கடலில் ஒரு டவ்வை (நம்மூர்த் தோணி மாதிரி அரபிகளின் பாய்மரக் கப்பல்) நிறுத்தினால், அது சான்சிபாருக்குத்தான் போகிறது என்று அதன் நகுதா (கப்பல் தலைவன்) சத்தியம் செய்தால், அதிகாரி என்ன செய்வார்? பல டவ்களில் பாய் இழுக்கிற கலாசிகளே அடிமைகள்தான். அவர்கள் வேலைக்கு வந்தவர்களா, விற்பனைக்குப் போகிறவர்களா? தண்ணீர் எவ்வளவு வைத்திருக்கிறான், சோற்றுப் பானை எவ்வளவு பெரிது என்றெல்லாம் பார்த்து, மொழிபெயர்ப்பாளர் சொல்வதையும் கேட்டு, அங்கேயே முடிவெடுத்தார்கள்.

இதில் பணமும் கலந்திருந்தது. விடுவித்த அடிமைகளுக்குத் தலைக்கு 5 பவுன் என்று கடற்படைக்காரர்களுக்கு வெகுமதி. ஒரு அடிமைகூட இல்லாவிட்டாலும் அது அடிமைக் கப்பல் என்று தீர்ப்பாகிவிட்டால் டன் கணக்குக்குப் பணம் உண்டு. பிடித்த டவ்வைத் துறைமுகம் வரை இழுத்துப்போவது சிரமம் என்று நிறைய டவ்களைக் கடலிலேயே கொளுத்தினார்கள். கொளுத்துவதற்கு முன்னால் அதன் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்து எழுதிக்கொள்வார்கள், டன் கணக்குக் காட்ட வேண்டுமே. ஒழுங்காகச் சரக்கு ஏற்றிப்போன டவ்களையும் எரித்துவிட்டார்கள் என்று புகார்கள் குவிந்து, 1860களின் கடைசியில் கடற்படைக்கே புது விதிமுறைகள் போட வேண்டி வந்தது. இது பிரிட்டிஷ்காரர்களே எழுதிவைத்த விஷயம், நான் கட்டிச் சொல்வதில்லை.

எங்கள் கப்பலை ஏடன் வளைகுடாவில் ஒரு போர்க்கப்பல் நிறுத்தியது. எந்த நாடு என்று சொல்ல விரும்பவில்லை, சொன்னால் கீழே சண்டை அதைப் பற்றித்தான் நடக்கும். விடியற்காலை, ரேடியோவில் பதினாறாம் சேனலில் கூப்பிட்டு வேகத்தைக் குறைக்கச் சொன்னார்கள், ஏணி இறக்கச் சொன்னார்கள். ரப்பர் படகில் வந்து ஏறியவர்கள் எங்களை முன்தளத்தில் வரிசையாக உட்காரவைத்துவிட்டுக் கீழே சரக்கு அறைக்குப் போனார்கள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், அதை மறைக்க மாட்டேன். வெயிலில் எங்கள் சமையல்கார அண்ணனுக்குத் தலை சுற்றியபோது அவர்களில் ஒரு பையன்தான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். ஆனால் அரிசி மூட்டைகளில் இரும்புக் கம்பியைச் செருகிச் செருகிப் பார்த்தார்கள், அடுக்கைக் கலைத்தார்கள், துப்பாக்கி இருக்கிறதா என்று தேடினார்கள், ஒன்றும் கிடைக்காமல் இறங்கிப் போய்விட்டார்கள். கொட்டிய அரிசியை வாரிக் கிழிந்த மூட்டைகளைக் கோணி ஊசியால் தைத்தது நாங்கள். இறக்குமிடத்தில் சரக்குக்காரர் எடை குறைகிறது என்றார், அந்தக் குறைவை எங்கள் சம்பளத்தில் பிடித்தார்கள். போர்க்கப்பல்காரர்களிடம் போய்க் கேட்க எங்களுக்கு ஒரு விலாசமும் இல்லை.

உடனே "அடிமைகள் பட்ட பாட்டோடு உன் அரிசி மூட்டையை ஒப்பிடுகிறாயா" என்று எழுதாதீர்கள். டவ்வின் அடியில் நெருக்கி அடைக்கப்பட்டவர்களோடு எதையும் ஒப்பிட முடியாது. சோதனை என்றால் என்ன, தப்பாகப் போனால் அதன் செலவு யார் தலையில் விழும் என்று மட்டும்தான் சொல்கிறேன்.

சோதனை போட்டவர்களுக்கும் ஆபத்து இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். 1874-லிருந்து 1883 வரை 'லண்டன்' என்ற பழைய போர்க்கப்பல் சான்சிபார் துறைமுகத்திலேயே நங்கூரமிட்டு நின்றது, அதன் சின்னப் படகுகள் சுற்றி ரோந்து போகும். 1881 டிசம்பரில் அதன் கேப்டன் பிரவுன்ரிக் பெம்பா தீவுப் பக்கம் ஒரு டவ்வைப் பார்த்தார். பிரெஞ்சுக் கொடி கட்டியிருந்தது. காகிதத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிடலாம் என்று பக்கத்தில் போனவரை டவ்விலிருந்து சுட்டார்கள், அவரும் கூட வந்தவர்களில் சிலரும் செத்துப்போனார்கள். உள்ளே அடிமைகள் இருந்தார்கள். பிரெஞ்சுக் கொடியை ஏன் கட்டினார்கள் என்றால், தன் கொடி கட்டிய கப்பலைப் பிரிட்டன் சோதிக்க பிரான்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. ஓமானின் சூர் ஊர் நகுதாக்கள் பிரெஞ்சுக் காகிதம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்தக் கொடி வழக்கு ஹேக் நடுவர் மன்றம் வரை போய் 1905-இல்தான் தீர்ந்தது. இரண்டு வல்லரசுகளின் வீம்பில் இத்தனை வருடம் போனது.

சான்சிபாரின் அடிமைச் சந்தை மூடியது 1873 ஜூனில். துறைமுகத்தை முற்றுகை போடுவோம் என்று மிரட்டித்தான் சுல்தான் பர்காஷிடம் கையெழுத்து வாங்கினார்கள். மிரட்டலில் கடற்படைக்குப் பங்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். சந்தை இருந்த இடத்தில் பிறகு தேவாலயம் கட்டினார்கள். ஆனால் சான்சிபாரில் அடிமை வைத்திருப்பது 1897 வரை சட்டப்படி செல்லும்.

துப்பாக்கி விஷயத்தில் மனிதாபிமானத்தைத் தேடாதீர்கள். 1890-இல் பிரஸ்ஸல்ஸ் மாநாட்டில் ஆப்பிரிக்காவுக்குள் புதுத் துப்பாக்கிகள் போகக் கூடாது என்று வடக்கே 20 பாகை, தெற்கே 22 பாகை அட்சரேகைகளுக்கு நடுவே ஒரு தடை போட்டார்கள். மஸ்கட் அந்தக் கோட்டுக்கு வடக்கே இருக்கிறது. ஐரோப்பாவில் செய்த துப்பாக்கிகள் அங்கே பகிரங்கமாக இறங்கின, பிரிட்டனில் செய்ததும் சேர்த்துத்தான். அங்கிருந்து டவ்களில் மக்ரான் கரைக்கு (இன்றைய ஈரான், பாகிஸ்தான் கடற்கரை), அங்கிருந்து ஒட்டகத்தில் ஆப்கானிஸ்தானுக்கு, கடைசியில் வடமேற்கு எல்லையில் பிரிட்டிஷ் இந்தியப் படையை நோக்கியே அவை திரும்பின. அதனால்தான் 1909-லிருந்து வளைகுடாவில் தீவிர ரோந்து. 1910 டிசம்பரில் 'ஹயசிந்த்' கப்பலின் ஆட்கள் ஆயுதம் தேடி துபாயில் இறங்கியபோது சண்டை மூண்டு ஊர்க்காரர்கள் 37 பேர் செத்தார்கள். நான் பல தடவை நடந்துபோன கரை அது. இத்தனை செய்தும் நிற்காத வியாபாரம், 1912-இல் மஸ்கட் சுல்தான் பைசல், வருகிற ஆயுதமெல்லாம் ஒரே கிடங்குக்குள் போக வேண்டும், உரிமம் இல்லாமல் வெளியே வரக்கூடாது என்று உத்தரவு போட்டதும் சுருங்கிப்போனது.

விடுவித்தவர்களை என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை. பெரும்பாலானவர்களை ஊருக்குக் கொண்டுபோய் விடவில்லை. ஏடனிலும் பம்பாயிலும் இறக்கினார்கள், சிலர் நாசிக்கில் மிஷன் பள்ளியில் வளர்ந்தார்கள். 1861-லிருந்து 1874 வரை ஏறக்குறைய 2,500 பேரைச் செஷல்ஸில் இறக்கித் தோட்ட முதலாளிகளிடம் ஒப்பந்தக் கூலிகளாக விட்டார்கள். மொரீஷியஸிலும் இதே கதை. 1834-லிருந்து நம்மூர் ஆட்களும் ஒப்பந்தத்தில் கரும்பு வெட்ட இறங்கியது அதே மொரீஷியஸில்தான்.

ஒப்பந்தம் என்றதும் இதையும் எழுதிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும் பரவாயில்லை. இன்றைக்கும் கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டுகள் பையன்களிடம் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு, சொன்ன கப்பல் ஒன்று, ஏற்றுகிற கப்பல் ஒன்று என்று செய்கிறார்கள். ஆளை எடுத்துவிடுவதற்காக மாலுமியிடம் பணம் வாங்குவதே சட்டப்படி தப்பு. என்னை அனுப்பிய ஏஜெண்ட், அரிசிக்குப் பிடித்த பணத்தைக் கேட்டபோது போனையே எடுக்கவில்லை. உங்கள் வீட்டில் யாராவது இந்த வேலைக்குப் போவதாக இருந்தால், அந்த ஏஜெண்ட் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தில் பதிவு செய்தவரா என்று இணையத்தில் பாருங்கள், ஒப்பந்த நகல் கைக்கு வராமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.