தொழில்நுட்ப முதலாளிகளின் பணம் எங்கிருந்து வருகிறது? உவர்மலையில் இருந்து கேள்வி பதில்

கொழும்பில் மென்பொருள் கம்பனிகளுக்கு 14 ஆண்டுகள் கணக்காளராக இருந்தேன். அதில் பெரும்பகுதி பங்குப் பதிவேட்டோடுதான் போனது: யாரிடம் எத்தனை பங்கு, யார் எப்போது விற்றார், புது முதலீடு வந்தபோது யாருடைய பங்கு எவ்வளவு சுருங்கியது. இப்போது திருகோணமலைக்கே திரும்பி வந்துவிட்டேன். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு எழுதுகிறேன்.

நிலாவெளி, விடுதியில் வேலை செய்யும் தம்பி: அக்கா, சக்கர்பேர்க்குக்குச் சம்பளம் எவ்வளவு? எப்படி இவ்வளவு பணம்?

சம்பளம் ஆண்டுக்கு 1 டொலர், தம்பி, 2013இலிருந்து அப்படித்தான். அமேசன் பெசோஸ் எடுத்தது பல ஆண்டுகளாக 81,840 டொலர். இந்தப் பணக்காரர்கள் யாருமே சம்பளத்தால் பணக்காரர் ஆகவில்லை, பங்கால்தான் ஆனார்கள். கணக்கை இப்படிப் பாருங்கள். நண்பர்கள் இருவர் ஆளுக்குப் பாதியாகத் தொடங்குகிறார்கள். ஒருவர் பணம் போட்டு 20 சதவீதம் வாங்குகிறார், நண்பர்களிடம் ஆளுக்கு 40. இன்னொரு சுற்று அதே மாதிரி, 32. மூன்றாவது சுற்று, 25.6. பங்கு சுருங்கிக்கொண்டே போகிறதே என்று பயமாக இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் 1 கோடி மதிப்புள்ள கம்பனி 100 கோடி ஆகியிருந்தால் அந்த 25.6 சதவீதம் 25 கோடிக்கும் மேல். எல்லாம் கடதாசியில் உள்ள பணம்தான். 1999 கடைசியில் 100 டொலரைத் தாண்டிய அமேசன் பங்கு 2001இல் 6 டொலருக்கும் கீழே போனது, அப்போது பெசோஸின் சொத்தும் அதோடு சேர்ந்து கரைந்தது. விற்காமல் பிடித்திருந்ததால்தான் பின்னால் இந்த உயரம்.

உப்புவெளி: விற்காமல் வீடும் படகும் எப்படி வாங்குகிறார்கள்? வரி கட்டுவதில்லையாமே?

பங்கை அடகு வைத்துக் கடன் எடுக்கிறார்கள். அமெரிக்காவில் பங்கின் விலை ஏறியதற்கு வரி இல்லை, விற்றால்தான் வரி. கடன் வருமானம் இல்லை என்பதால் அதற்கும் வரி இல்லை. 2007இலும் 2011இலும் பெசோஸ் மத்திய வருமான வரியே கட்டவில்லை என்று ப்ரோபப்ளிக்கா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் 2021இல் வெளியிட்டது. அது சட்டப்படிதான் நடந்தது. அவர்களைத் திட்டுவதைவிட அந்தச் சட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்பதுதான் பயன் என்று நினைக்கிறேன்.

லிங்கநகர்: பில் கேட்ஸ் படிப்பை விட்டார். நானும் விடலாமா?

வேண்டாம். அவர் 1968இலேயே பள்ளிக்கூடத்தில் கணினி முனையத்தில் உட்கார்ந்து பழகியவர். ஹார்வார்டில் இருந்து போனபோது திரும்பி வர வாசல் திறந்தே இருந்தது. உங்களுக்கு அந்த வாசல் திறந்திருக்காது, தம்பி.

மூதூர்: கேட்ஸ் என்ன கண்டுபிடித்தார்? யாரோ எழுதியதை வாங்கி விற்றார் என்கிறார்களே.

பாதி உண்மை. கணினிக் கம்பனியான ஐபிஎம் கேட்ட இயங்குதளம், அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள், கேட்ஸின் மைக்ரோசொப்ட்டிடம் இருக்கவில்லை. சியாட்டிலில் டிம் பேட்டர்சன் எழுதிவைத்திருந்த ஒன்றை அவர் வேலை செய்த கம்பனியிடமிருந்து மொத்தம் 75,000 டொலருக்கு வாங்கி, மாற்றி, 1981இல் ஐபிஎம்முக்குக் கொடுத்தார்கள். பணம் குவிந்தது வேறு இடத்தில். அதே இயங்குதளத்தை மற்றக் கணினி செய்பவர்களுக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசொப்ட் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஐபிஎம்மைப் பார்த்துக் கணினி செய்த ஒவ்வொருவரும் பிறகு இவர்களிடம்தான் வந்தார்கள். நல்ல நிரல் எழுதியவருக்குக் கிடைத்ததையும் நல்ல ஒப்பந்தம் எழுதியவருக்குக் கிடைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் எப்போதும் சொல்வது இதுதான்: எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அன்புவழிபுரம்: டெஸ்லாவைத் தொடங்கியது மஸ்க்தானே?

2003இல் தொடங்கியவர்கள் மார்ட்டின் எபர்ஹார்டும் மார்க் டார்பெனிங்கும். மஸ்க் 2004இல் பணத்தோடு வந்தார். தன்னையும் நிறுவனர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 2009இல் ஒரு வழக்கு சமரசத்தில் முடிந்தபோது கிடைத்தது.

சாம்பல்தீவு ஐயா: பிள்ளை, நான் கரைவலைக்காரன். வலையும் தோணியும் என்னுடையவை. செலவு கழித்து வலைக்கு ஒரு பகுதி, இழுத்தவர்களுக்கு ஒரு பகுதி என்று அப்பா காலத்திலிருந்து பிரிக்கிறோம். நட்டம் என் தலையில். இவர்களும் அப்படித்தானே? அவர்கள் எடுப்பதை மட்டும் ஏன் பாவம் போலப் பேசுகிறார்கள்?

ஐயா, இதற்கு நீளமாக எழுத ஆசை. கரையிலும் பங்குச் சந்தையிலும் நாம் சொல்வது ஒரே சொல், பங்கு.

உங்கள் பக்கம் நிற்கும் சான்றை முதலில் வைக்கிறேன். வில்லியம் நோர்ட்ஹவுஸ் என்ற பொருளியலாளர், பின்னால் நோபல் வாங்கியவர், அமெரிக்காவின் 1948 முதல் 2001 வரையான கணக்குகளை எடுத்துப் பார்த்தார். புதுமையால் வந்த நன்மையில் அதைச் செய்தவர்களுக்குப் போனது 2.2 சதவீதம் அளவில்தான், மிச்சம் பெரும்பாலும் வாங்கிப் பயன்படுத்தியவர்களுக்கு. 100 ரூபாயில் 2 ரூபாய் என்றால் யாரும் கொள்ளை என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் நட்டம் யார் தலையில் என்பது அங்கே வேறு. உங்கள் வலை கிழிந்தால் உங்கள் பணம் போகிறது. அங்கே போவது பெரும்பாலும் முதலீட்டாளரின் பணம், கம்பனி மூழ்கினாலும் நிறுவனரின் வீடு மூழ்காது. அலுவலக இடத்தை வாடகைக்கு விடும் வீவேர்க்கைத் தொடங்கிய அடம் நியூமன் 2019இல் பெரும் பணத்தோடு வெளியேறினார், 2023 நவம்பரில் கம்பனி வங்குரோத்தானது. பங்கை நம்பி வேலை செய்த பலரின் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அடுத்தது, கடல். கடலை நீங்கள் வெட்டவில்லை, அவர்களும் வெட்டவில்லை. இணையத்தின் வேர் 1969இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைப் பணத்தில் போடப்பட்டது. வையவிரிவலையை டிம் பேர்னர்ஸ் லீ சேர்ன் ஆய்வகத்தில் செய்தார், 1993 ஏப்ரலில் சேர்ன் அதை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. கூகுளின் தேடல் முறை ஸ்டான்போர்டில் அரசாங்க ஆய்வுப் பணம் இருந்த ஒரு திட்டத்தில் பிறந்தது. காப்புரிமை பல்கலைக்கழகத்திடம் இருந்ததால் அதற்கு 18 இலட்சம் கூகுள் பங்குகள் கிடைத்தன, விற்று ஏறத்தாழ 33 கோடி 60 இலட்சம் டொலர் எடுத்தார்கள். அது எழுத்தில் இருந்த பங்கு. சேர்ன் எழுதி வாங்கவில்லை, அதற்கு ஒன்றும் வரவில்லை.

கிண்ணியா ஆசிரியை: அந்த 2 சதவீதக் கணக்கு 2001உடன் முடிகிறது. கூகுளும் பேஸ்புக்கும் பெருத்தது அதற்குப் பிறகு. அதை வைத்து இவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கலாமா?

கொடுக்க முடியாது, ரீச்சர், நீங்கள் சொல்வது சரி. அந்தக் கணக்கு போட்டி இருந்த பழைய தொழில்களையும் சேர்த்த சராசரி. ஒருவரே எல்லாக் கரையையும் பிடித்திருக்கும்போது அது பொருந்தாது.

சாம்பல்தீவு ஐயா: எனக்கும் ஒரு பாடு இருக்கிறது, கரையில் வலை வளைக்க எனக்கென்று உள்ள இடம். என் பாட்டில் நான்தான் வளைப்பேன். அதையும் பிழை என்பீர்களோ?

இல்லை ஐயா. உங்கள் பாட்டுக்கு எல்லை உண்டு, அதற்கு அங்கால் இன்னொருவர் வளைக்கிறார். கூகுள் செய்தது வேறு: கைபேசியைத் திறந்தவுடன் தன் தேடல்தான் நிற்க வேண்டும் என்று அப்பிள் போன்றவர்களுக்கு 2021இல் மட்டும் 2,630 கோடி டொலர் கொடுத்தது. அடுத்த பாட்டுக்காரர் தோணியை இறக்கவே இடமில்லை. 2024 ஓகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காப்பாற்றியது என்று தீர்ப்பளித்தார். நல்ல தேடலைச் செய்ததற்காக லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் பணக்காரர் ஆனதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். மற்றவர் வளைக்க முடியாமல் செய்து வந்த பகுதி அவர்களுக்குத் தகாது.

சாம்பல்தீவு ஐயா: அப்போ எவ்வளவுதான் தகும்? ஒரு எண் சொல்லுங்கள்.

எண் சொல்ல மாட்டேன். இழுத்தவர்களுக்குப் பங்கு போனதா என்று கேட்பேன். சென்னையில் பிறந்த மென்பொருள் கம்பனி பிரெஷ்வேர்க்ஸ் 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பதிவானபோது 500க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனதாக அதன் நிறுவனர் கிரீஷ் மாத்ருபூதம் சொன்னார். அவரும் பெரும் பணக்காரர் ஆனார்தான், அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை.

பாலையூற்று: அக்கா, படிப்பை விட்டுவிட்டுத் தொடங்கினால்...

மேலே லிங்கநகர்த் தம்பிக்கு எழுதியதைப் பாருங்கள்.

தம்பலகாமம்: எந்தப் பங்கை வாங்கினால் இலாபம்?

என் துறை இல்லை. உரிமம் உள்ள தரகரிடம் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் பங்கு விற்க வருபவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

சீனக்குடா: படிப்பை நிறுத்தியவர்கள்தானே எல்லாரும்...

இல்லை. இதே கேள்விக்கு இன்று இது மூன்றாவது பதில், இனி எழுத மாட்டேன். பேஜும் பிரின்னும் முனைவர் படிப்பு வரை போனவர்கள். பெசோஸ் பிரின்ஸ்டனில் பட்டம் முடித்தவர்.

உவர்மலை, தங்கை: கொழும்பில் ஒரு சின்னக் கம்பனி வேலைக்குக் கூப்பிடுகிறது. சம்பளம் குறைவு, ஆனால் 1 சதவீதம் பங்கு தருவோம் என்கிறார்கள். போகலாமா?

போகலாம், ஆனால் எழுத்தில் வாங்கிக்கொண்டு. எனக்கும் ஒரு கம்பனியில் இதே மாதிரிச் சொன்னார்கள். மூன்று ஆண்டுகள் குறைந்த சம்பளத்துக்கு இரவு பகலாக வேலை செய்தேன். கம்பனி விலைபோன நாளில் பதிவேட்டைத் திறந்தால், நானே எழுதிய பதிவேடு, அதில் என் பெயர் இல்லை. அன்றைக்கு அழுதது இன்றும் நினைவிருக்கிறது. பேஸ்புக் தொடங்கப் பணம் போட்ட எடுவார்டோ சவெரினின் பங்கையும் சுருக்கினார்கள், ஆனால் அவரிடம் கடதாசி இருந்ததால் வழக்குப் போட முடிந்தது.

1 சதவீதம் என்றால் மொத்தம் எத்தனை பங்கில் என்று கேளுங்கள். எத்தனை ஆண்டில் கைக்கு வரும்? வழக்கமாக நான்கு ஆண்டு, முதல் ஆண்டு முடியுமுன் விலகினால் ஒன்றும் இல்லை. விற்கும்போது முதலீட்டாளர் தன் பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் வாசகம் இருக்கிறதா என்றும் பாருங்கள், அது இருந்தால் கம்பனி குறைந்த விலைக்குப் போகும் நாளில் உங்கள் 1 சதவீதம் வெறும் கையாகவும் முடியலாம். கடிதம் வந்ததும் கையெழுத்து வைக்காமல், கம்பனியின் பெயரை மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள் தங்கை, வாசித்துச் சொல்கிறேன்.